கூரை சொன்ன வழி

துலூஸில் பிப்ரவரி ஞாயிறு.
ஆய்வகத்தில் வெப்பமூட்டி பழுது.
கோட்டைக் கழற்றாமலே ஒதில் கஸ்தாஞே
நியூட்டின் முட்டையை இடுக்கியால் பிடித்து
மேலிருக்கும் கூழுறையை உரிக்கிறாள்.
நுங்குத் தோல் உரிப்பதுபோல் என்று சொல்லலாம்தான்;
அவள் நுங்கைக் கண்டதில்லை.

கடுகளவு கரு.
உள்ளே ஒரு வெற்றறை,
அதன் கூரையின் உட்புறம்
இரவோடு இரவாக இழையோடியிருக்கிறது
ஃபைப்ரோநெக்டின்.
விளிம்பில் புரண்டு உள்ளே நுழைந்த செல்கள்
தலைகீழாய்க் கூரையைப் பற்றிப் பற்றி
உச்சிக்கு ஊர வேண்டும்.
முதுகெலும்பு, இதயம், ரத்தம்
எல்லாம் இன்னும்
அந்த ஊர்தலில்தான் இருக்கின்றன.

கண்ணில்லை.
தோலில் இன்டெக்ரின்கள் மட்டும்:
துழாவும், பிடிக்கும், இழுக்கும்,
பின்னால் பிடித்ததை விட்டுவிடும்.
விடவும் தெரிந்த பிடி.

ஏழாம் கிண்ணத்துக்கு நேற்று அவளே ஊசி போட்டாள்,
இழையின் சாயலில்
மூன்று அமினோ அமில நீளத்துக்கு
ஒரு போலிக் கைப்பிடி.
ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன.
போக வேண்டியவை வாசலிலேயே குவிந்து கிடக்க
ஆளில்லாத கூரை
இஸ்திரி காணாத சட்டையாய் மடிந்திருக்கிறது.
செத்துவிடவில்லை.
அதுதான் உறுத்துகிறது.
'எதிர்பார்த்தபடி' என்று குறிப்பேட்டில் எழுதி
அடித்துவிடுகிறாள்.

பற்றை விட்டால் வீடு
என்று சொல்லி வளர்ந்த மொழி இது.
இங்கோ, பற்றினால்தான்
வீட்டுக்கு ஒரு சுவராவது.

மூன்றாம் மேசையில்
எவாரிஸ்த் வைத்துப்போன பிளாஸ்டிக் தட்டு.
ஒரு கூரையை இரவு முழுக்க அதன்மேல் கவிழ்த்து
காலையில் உரித்தெடுத்துவிட்டான்.
தட்டில் ஒன்றுமில்லை,
லென்ஸ் வழியாகவும் ஒன்றுமில்லை.
தனிச் செல்களை அதில் விட்டாள்.
ஒரு மணி நேரம். குளிரில் எல்லாம் தாமதம்.
ஒன்று அசைந்தது,
அப்புறம் நாலைந்து,
எல்லாம் அல்ல, பெரும்பாலும்,
உச்சி இருந்த திசைக்கு.
கூரை குப்பைத்தொட்டியில் கிடந்தது.
அது சொன்ன வழி தட்டில் கிடந்தது.

இரவு பதினொன்று.
அவள் குடியிருப்பின் மாடிப்படியில் விளக்கு எரியவில்லை.
நான்கு மாடி.
சுவரில் முழங்கை உயரத்தில்
பூச்சு தேய்ந்து வழவழத்த ஒரு கோடு,
யார் யாருடைய கைகளோ.
கையுறையைக் கழற்றிவிட்டு
விரலை வைத்தாள்.