தரை போட மறந்த இரவு

நான் ஓட்டும் வண்டிக்கு எஞ்சின் கிடையாது.
கூரைமேல் இரண்டு நீளக் கொம்புகள்,
தெருவுக்கு மேலே இரண்டு கம்பிகள்,
கம்பியில் ஓடுவதுதான் உயிர்.
க்டீனியாவில் டிராலிபஸ் ஓட்டுகிறவள்
'எந்த எஞ்சின்?' என்று கேட்டால்
யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.
குளிர்காலம் முழுக்க நான்
சிரிக்காமல் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செய்ய நினைத்த விளையாட்டு உள்ளங்கை அளவு:
பனியில் ஒரு பஸ்.
மேட்டில் திரும்பும்போது கொம்பு நழுவும்.
ஓட்டுநர் இறங்கி, பின்னால் போய்,
கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி மாட்டவேண்டும்.
உள்ளே இருப்பவர்கள் கைக்கடிகாரம் பார்ப்பார்கள்.
அவ்வளவுதான்.
துப்பாக்கி இல்லை. டிராகன் இல்லை.

"பெரியதாகவே எடு," என்றான்
பணிமனையில் ஒல்கியெர்த்.
"நாளைக்கு டிராகன் வேண்டியிருந்தால்?"
அவன் சொன்ன பெரியது வந்திறங்க
இரண்டு இரவு பிடித்தது.
திறந்ததும் என் லேப்டாப்பின் விசிறி
சுமையோடு மேடேறும் லாரிபோல் இரைந்தது.
திரையில் ஒரு மலை, மலைமேல் ஓர் அஸ்தமனம்.
அந்த அஸ்தமனத்தை எங்கே அணைப்பது என்று
கடைசிவரை தெரியவில்லை.

இரண்டாவது நல்லதுதான்.
உரிமப் பத்திரம் மட்டும் பதினெட்டுப் பக்கம்.
'உங்கள் வருமானம் இந்த எல்லையைத் தாண்டினால்…'
சம்பாதிக்காத பணத்துக்குப் பங்கு பிரித்தபடி
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவதற்குப் புதிதாக ஒரு மொழி கற்கவேண்டும்.
நான்காவதற்கு எதுவுமே கற்கவேண்டாமாம்;
எனக்கு அதுதான் சந்தேகம்.

யாகோடாவின் பழைய கணக்கு நோட்டில்
கட்டம் கட்டி மதிப்பெண் போட்டேன்:
விலை, எடை, பாடங்கள்,
ஐந்து வருடம் கழித்தும் இருக்குமா.
டிசம்பர் போனது. ஜனவரியும்.
கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று
நின்றதாமே ஒரு கொக்கு,
அதற்குப் பக்கத்தில் எனக்கும் இடம் போட்டிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே பால்டிக்
ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

பிப்ரவரியில், ஒரு வியாழன்,
நிஜமாகவே நழுவியது கொம்பு.
பாதிமேட்டில் வண்டி இருண்டது.
கேக் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருத்தி
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று
என்னையல்ல, கண்ணாடியைக் கேட்டாள்.
இறங்கினேன். கயிறு விறைத்துக் கிடந்தது.
முதல் இழுப்பில் பொறி பறந்தது,
இரண்டாவதில் மாட்டிக்கொண்டது.
பத்தொன்பது வருடத்தில்
எந்த வண்டி வேண்டும் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
ஏறி உட்கார்ந்தபோது அது ஞாபகம் வந்தது.
ஏன் என்று தெரியவில்லை.

அன்றிரவு
நோட்டில் மதிப்பெண் குறைந்து
கடைசி வரிசையில் கிடந்த சின்னதைத் திறந்தேன்.
தேநீர் ஆறுமுன் வந்திறங்கியிருந்தது.
ஏன் அது என்று கேட்டால்
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
விசிறி சுற்றவில்லை.
அடுத்த அறையில் யாகோடா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் வைத்தேன்.
அதுதான் பஸ்.
எடை கொடுத்தேன், ஓட்டிப்பார்க்கும் பொத்தானை அழுத்தினேன்.
சதுரம் விழுந்தது.
திரையின் அடியைத் தாண்டி விழுந்தது.
மூலையில் ஓர் எண் மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது:
ஆயிரம், நாலாயிரம், ஒன்பதாயிரம்.
தரை போட மறந்திருக்கிறேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
நிறுத்த மனமில்லை.
பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன்,
இன்னும் விழுந்துகொண்டிருந்தது,
என் சதுரம், நான் சொன்ன வேகத்தில்.

காலை நாலு பத்துக்குப் பணிமனை.
கண்ணாடியில் பனியைச் சுரண்டியபடி
ஒல்கியெர்த் கேட்டான்:
"கடைசியில் எதைத்தான் எடுத்தாய்?"

"தரை போடணும்," என்றேன்.
"சாயங்காலம் சீக்கிரம் போகணும்."