சோதனை 14

எட்டு மாதமாய்ப் பச்சை.
புக்கிட் ரோத்தானில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்,
ஒவ்வொரு மாலையும் நான் ஓட்டிய சோதனைகளில்
பதினான்காவது
ஒருநாளும் சிவந்ததில்லை.

வியாழன் இரவு
செம்பனை ஆலையின் எடைமேடையில்
குலை ஏற்றிய லாரிகள் ஏழு.
மேடை எடையைச் சொன்னது.
சர்வர் பதில் சொல்லவில்லை.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
டிரைவர்கள் இறங்கிக்
கடைசி லாரியின் வெளிச்சத்தில் தே ஓ ஐஸ் குடித்தார்கள்
என்றாள் விமலேஸ்வரி,
கோபமில்லாமல். அதுதான் உறைத்தது.

பதினான்கைத் திறந்தேன்.
பெயர்: சோதனை 14.
எழுதியவள்: நான்.
நடுவில் ஐந்து நொடி உறக்கம்;
ஏன் ஐந்து என்று எனக்கே தெரியவில்லை,
மூன்று போதாமல் போயிருக்கும்.
கடைசி வரியில் கேட்க வேண்டிய கேள்வி இருந்தது.
அதற்கு முன்னால்
'காத்திரு' இல்லை.

நிரலில் அதற்கு வாக்குறுதி என்றே பெயர்.
இப்போது கையில் இல்லை, பிறகு தருகிறேன் என்கிற பொருள்.
என் சோதனை
அந்த வாக்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு,
பதில் வருமுன்பே கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது,
பச்சை விளக்கை எரியவிட்டு.

உறக்கத்தைப் பிடுங்கினேன்.
பொய்க் கடிகாரம் ஒன்று வைத்தேன்,
முள்ளை நானே தள்ளலாம்.
இருப்பது எது, நடப்பது எது, கடைசியில் தெரிய வேண்டியது எது:
இடையிடையே வெற்றுவரி விட்டேன், படிக்கிறவர் மூச்சு வாங்க.
எண்ணை அழித்து
ஒரு முழு வாக்கியத்தையே பெயராக வைத்தேன்:
'முப்பது நொடிக்குள் சர்வர் பதில் தராவிட்டால்
எடையை இங்கேயே சேமித்துச் சீட்டு அடிக்க வேண்டும்.'

ஓட்டினேன். சிவந்தது.
எட்டு மாதத்தில் அது பேசிய முதல் உண்மை.
ஆலை நிரலைத் திருத்திப் பச்சையாக்க
விடியற்காலை ஆகிவிட்டது.

சனிக்கிழமை எடைமேடை அறையில்
அந்தப் பெயரை வாசித்துக் காட்டினேன்.
அவள் ஒரு வரி நிரலும் படித்ததில்லை.
சீட்டு எந்திரத்தில் காகிதச்சுருள் மாட்டிக்கொண்டே கேட்டவள்
பாதியில் நிறுத்தினாள்.

"முப்பதா? மழ பேஞ்சா லைனு ஒன்றர நிமிஷம் எடுக்கும்லா.
நீ முப்பதுல அடிச்சிருவ, அப்புறம் அதுவும் ஒண்ணு அடிக்கும்.
ஒரே குலைக்கு ரெண்டு சீட்டு.
கணக்குல யாரு மாட்டுறது?"

மடிக்கணினியை அவள் மேசையிலேயே விரித்து
முப்பதைத் தொண்ணூறாக்கினேன்.
பெயரிலும் ஒருமுறை, உள்ளேயும் ஒருமுறை.
தொண்ணூறு நொடியையும் தள்ளி முடிக்க
பொய்க் கடிகாரத்துக்கு ஆனது
நாலு மில்லிநொடி.

வெளியே தூறல் பிடித்திருந்தது.
மேடையில் ஏறி நின்ற லாரியில்
பஹ்ருடின் கண்ணாடியை இறக்கி
சீட்டுக்குக் கை நீட்டியிருந்தார்.
சட்டைக் கை நனைந்துகொண்டிருந்தது.
அவருடைய தொண்ணூறை
யாரும் தள்ளிவிட முடியாது.