ஒரு கோடு குறைந்த கல்

ஜெகதேவிச் சாலையில் எங்கள் கல் பட்டறைக்கு
ஜப்பானிலிருந்து ஒரு கப்பல் வந்தது,
காகிதத்தில்.
நூற்று அறுபத்தொரு பெயர்கள்.
ஆறடிக் கறுப்புக் கல்லில் வெட்டித் தரவேண்டும்.

பெரிய போர்க்கப்பல் இல்லையாம்.
எண்ணெய்க் கப்பல்களின் விலாவை ஒட்டி ஓடும்
காவல் கப்பல். பெயர்கூட வைக்கவில்லை,
எண்தான், லாரிக்குப் போல.
டீ ஆறுவதற்குள் முழுச் சரித்திரமும் சொல்லிவிட்டார் ஏஜென்ட்.
பதினோரு மாதம்.
தெற்கே போகையில் காலி டாங்கர்கள், வடக்கே வருகையில் நிறைந்தவை.
அடியில் நீர்மூழ்கி ஊர்கிறதா என்று
இரவெல்லாம் தண்ணீருக்குக் காது கொடுக்கும்.
சந்தேகம் வந்தால் பீப்பாய் பீப்பாயாய் வெடியை உருட்டிவிடும்.
பெரும்பாலும் மீன்தான் மிதக்கும்.
கடைசிப் பயணத்தில் ஏழில் மூன்று கரைசேர்ந்தன.

"அந்த மூணுல வந்த எண்ணெய்
யாரைக் கொளுத்தப் போச்சு?"
என்றார் முதலாளி திம்மராயன்.
ஏஜென்ட் டம்ளரைக் கீழே வைத்தார்.

எனக்குத் தெரிந்த காவல்
தளிப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில்
பரண்மேல் தகரத்தோடு உட்கார்ந்திருப்பது.
யானைக்கு முதலில் தெரிவது பரண்தான்
என்பான் மச்சான் சென்னப்பன்.
இதுவும் அப்படித்தான் போயிருக்கும்.

ரப்பர் ஒட்டி, எழுத்தெழுத்தாய் உரித்து
மணல் பீய்ச்சினேன்.
வாசிக்கத் தெரியாத பெயரை வெட்டுவது சுலபம்.
தெரிந்த பெயரில்தான் கை நடுங்கும்.
ஆனாலும் தொண்ணூற்று மூன்றாவதில்
ஒரு கோடு, நகக்கீறல் அளவு,
விட்டுப்போயிற்று.
அது இல்லாவிட்டால் வேறு ஆளாம்.
பிறக்காத யாரோ.

இரண்டாம் கல் சரியாக வந்தது.
பெட்டி கட்டி, சென்னைத் துறைமுகம் போய்விட்டது.

கழித்த கல்லைப் பின்புறம்
புளியமரத்தில் சாய்த்து வைத்தோம்.
அங்கே முன்னமே ஒரு நடுகல் உண்டு.
வில்லோடு ஒருத்தன், காலடியில் நாலு மாடு.
"தொறு மீட்டுப் பட்டான்" என்று
படித்துச் சொன்னார்கள் தொல்லியல்காரர்கள்.
பெயர் இருந்த இடம் மட்டும் பொரிந்துபோயிருக்கிறது.
யாருடைய மாடு என்பதும் இல்லை.

ஆடியில், பாலிஷ் போடும் நரசம்மா
அவனுக்குப் பொட்டு வைத்தாள்.
விரலில் மிஞ்சிய குங்குமத்தைப்
பக்கத்துக் கல்லில் துடைத்தாள்.
வேண்டுமென்றா, போகிற போக்கிலா,
நான் கேட்கவில்லை.

தொண்ணூற்று மூன்றுக்குக் கொஞ்சம் கீழே
பட்டிருந்தது.