ஒன்று புள்ளி இரண்டு

ஹகோடாத்தே, டிசம்பர், மாலை ஆறு இருபது.
ஒனோதெரா அதை என் உள்ளங்கையில் வைத்தார்.
ஊறுகாய்ப் பானைமேல் ஏற்றும் கல்லின் கனம்.
என்னைவிட மூன்று வயது மூத்த லென்ஸ்.

டார்ச் அடித்துக் காட்டினார், மறைக்கவில்லை:
விளிம்பில் பூஞ்சை, ஒரு நரைமுடி அளவு.
கண்ணாடி மஞ்சளித்திருக்கிறது.
"இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள், தெளியும்."
இந்த ஊரில், இந்த மாதத்தில், வெயிலா?
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முழுக்கத் திறந்து அவரையே பார்த்தேன்.
இடது இமை மட்டும் கூர்மை.
மூக்குகூட பாலில் விழுந்த ரொட்டியாய் ஊறிக்கிடந்தது.
நான் மூச்சு விட்டேன்,
இமையும் போயிற்று.

விலை, நான்கு பனி டயர்கள்.
பழைய டயரில் இன்னும் கொஞ்சம் வரி இருக்கிறது.
இல்லை என்றுதான் மெக்கானிக் எகுசா சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

டிராமை ஓட்டுகிறவள் என் வயதுக்காரி.
மீட்டர் வெளிச்சம் அவள் தாடையில் ஒரு கோடு,
மற்றதெல்லாம் இருட்டு.
கைபேசியை நீட்டினேன்.
அது ஒரு நொடி எண்ணி, துடைத்து, வெளுத்து
தாடை, தொப்பி, கையுறையின் தையல்
எல்லாம் கொடுத்தது,
இருட்டைத் தவிர.

ஏழு மணிக்குக் கடை அடைத்துவிடுவார்.
அடுத்த நிறுத்தத்துக்கு பட்டனை அழுத்தினேன்.

தரையெல்லாம் கண்ணாடிப் பனி.
வழுக்கிய வேகத்தில்
ஒரு கை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
டயர்களை நினைக்கிறது.
மற்றொரு கை, கோட்டுப் பைக்குள்,
இல்லாத ஒரு வளையத்தை
மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறது.