நூறு என்றால்

எர்ணாவூர் மேம்பாலம் வரை டிரெய்லர்கள் நின்றன.
இரவு ஒன்றே முக்கால்.
பெட்டி யார்டின் இரண்டாம் கேட்டில்
கணினி எல்லா வண்டிக்கும் ஒரே பதில் சொன்னது:
பிழை 100. அனுமதி இல்லை.

போனில் எழுப்பி ஏகவள்ளி சொன்னாள்,
"நீ சனிக்கிழமை மாத்தினதுக்கு அப்புறம்தான்."
உண்மை.
பழைய லைப்ரரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன்.
அதைக் கூப்பிடும் நிரலை மட்டும் தொடவில்லை.
வேலையை விட்டுப் போன எவரோ
அதில் எழுதியிருந்த சட்டம் இது:
பூஜ்யம் வந்தால் நல்லது,
மற்றதெல்லாம் பிழை.

தங்கலில் இருந்து பைக்கில் போனேன்.
காற்று மணலிப் பக்கமிருந்து வீசியது,
மூக்கில் அமோனியா.

கேட் அறையில் கொசுவோடு உட்கார்ந்து
கையேட்டைப் படித்தேன்.
ஐந்து: வேறு யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பொறுத்துக் கேள்.
பதினொன்று: கோப்பு சிதைந்துவிட்டது
(அழலாம்).
நூற்றொன்று: வரிசைகள் தீர்ந்தன.
நூறு: வரிசை ஒன்று கிடைத்திருக்கிறது.

இன்னொரு முறை படித்தேன்.
கிடைத்திருக்கிறது.
கேட்டவுடன் எடுத்து நீட்டிய கையை
நானூற்றுப் பன்னிரண்டு முறை
தட்டிவிட்டிருக்கிறோம்.
லாக் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருந்தது.

கண்ணாடியைத் தட்டினார் தேசப்பன்,
வேர்வையில் ஊறிய ரசீதோடு.
மதியம் மூன்று மணியிலிருந்து ஸ்டியரிங்கில் இருப்பவர்.
"இன்னா சார், என் பொட்டி உள்ள கீதா இல்லியா?
அத்த மட்டும் சொல்லு."

நிலைக் குறியீடு, திரும்பி வரும் மதிப்பு
என்று வாயெடுத்தேன்.
விட்டேன்.
"கீது."

"கீதுன்னா
அப்பறம் ஏன் பிழைன்னு போட்ற?"

அதற்கு என்னிடம் எண் இல்லை.

நூறுக்கு ஒரு வழி வெட்டினேன்,
நூற்றொன்றுக்கு ஒன்று.
ஐந்து வந்தால் சற்று நின்று மூன்று முறை கேட்கட்டும்.
அறியாத எண் வந்தால்
அறியேன் என்றே சொல்லட்டும்,
எண்ணையும் சேர்த்து.
பக்கத்தில் குறிப்பு எழுதினேன்:
100 = கீது.

மூன்றரைக்கு ஏகவள்ளி சரிபார்த்தாள்.
குறிப்பைப் பார்த்து என்ன நினைத்தாளோ,
அழிக்காமல் அனுப்பினாள்.

தடுப்புக் கட்டை கிறீச்சிட்டு எழுந்தது.
தேசப்பன் என் பக்கம் திரும்பவில்லை, கியர் மாற்றினார்.
பாலத்தின் மேல் ஒவ்வொரு விளக்காக எரிந்து
வரிசை அசையத் தொடங்கியது.

நூற்றொன்று வருவதற்குள்
விடிந்துவிடும்.