மூன்று சிவப்புப் புள்ளிகள்

ஆறு நாளாக அந்தக் கட்டம் சாம்பல் நிறம்.
பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் கேடு,
சாம்பல் என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.
மசேருவில், மூன்றாம் மாடியில்,
நூற்றுப் பதினேழு தடுப்பூசிப் பெட்டிகளைப்
பார்த்துக்கொள்வது என் வேலை.
ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

ஹா ராமொகோலோவில் பனி.
கூரைமேல் சூரியத் தகடு புதைந்து
அலை அனுப்பும் கருவிக்குத் தீனி இல்லை.
பெட்டியோ தன் சுவருக்குள் சேர்த்த பனிக்கட்டியைக்
கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக் காலம் தள்ளியது.
உள்ளே, விரல் பருமன் பதிவுக்கருவி,
பொத்தான் பேட்டரியின் தயவில்,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
குளிரைத் தொட்டுப் பார்த்து
எண்ணொன்று எழுதிவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
கேட்க ஆளில்லாவிட்டாலும் கணக்கு கணக்குதானே.

ஏழாம் நாள் காலை ஒன்பது பதினாலுக்கு
மலைமேல் மேகம் விலகிற்று.
அதன் பிறகுதான் எங்கள் மேகத்துக்கு
ஏதாவது வந்து சேரும்.
இந்தப் பெயரை வைத்தவர்
இங்கே ஒரு ஜூலை மாதம்
இருந்து பார்த்திருக்க மாட்டார்.

எண்ணூற்று அறுபத்துநான்கு அளவீடுகள்,
பழையது முன்னால், புதியது பின்னால்,
கதவு திறந்த ரேஷன் கடை வரிசைபோல.
4.1
4.1
4.3
தேநீர் எடுத்துவரப் போனேன்.
திரும்பி வந்தபோது
ஐந்தாம் நாள் இரவில் மூன்று சிவப்பு.
8.6
9.1
8.8
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறங்கி, பச்சை.

விதிப்படி கேட்க வேண்டும். கேட்டேன்.
"இரவு இரண்டு நாற்பதிலிருந்து
கதவு திறந்தே இருந்திருக்கிறது, சிஸ்டர்."
பாத்திரம் கழுவும் ஓசை நின்றது.
"இருந்தது," என்றாள் லிகெலெலி.
"ரெண்டு கையும் அவள் வயிற்றின் மேல்.
ஆக்சிடோசின் எடுத்த மட்டில் ஓடினேன்.
பிள்ளை வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை.
கதவை நினைத்தது மூன்று மணிக்கு.
காலால்தான் தள்ளினேன்."

அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்ததாம்.
குதிரைமேல், இரண்டு கம்பளிக்குள்,
கணவன் கொண்டுவந்து சேர்த்தவளாம்.
அவளுக்காக மூட்டிய சூடுதான்
திறந்த கதவு வழியே புகுந்து
என் திரையில் மேடு கட்டியிருக்கிறது.
நான் அதைக் கோளாறு என்று
முன்கூட்டியே அடித்துவைத்திருந்தேன். அழித்தேன்.

"மருந்துப் புட்டிகள்?"
"ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டேன்.
ஒட்டியிருக்கும் சதுரம் ஒன்றிலும் நிறம் மாறவில்லை.
உங்கள் வரைபடம் வருமுன்பே பார்த்துவிட்டேன்,"
என்றதில் சற்று உறைப்பு.
"தாய்?"
"பப்பா கேட்கிறாள். உப்புப் போதவில்லையாம்."

காரணம் என்ற பெட்டியில் நான்கே தேர்வு.
மின்தடை. கதவுப் பழுது. கருவிப் பழுது. மற்றவை.
மற்றவையைத் தொட்டு, பிரசவம் என்று எழுதினேன்.
விளக்கம் போதவில்லை என்றது.
பிரசவம், பெண் குழந்தை என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.
அந்த இயந்திரத்துக்கு என்ன போதும்,
எது போதாது என்று
எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வைக்கும் முன் பெயரைக் கேட்டேன்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
"புசெலெட்சோ."
சொன்னதும் இருவரும் கொஞ்சம் பேசாமலிருந்தோம்.
போன பிள்ளைக்கு ஈடாக வந்த பிள்ளைக்குத்தான்
இங்கே அந்தப் பெயர்.

மாலையில், ஆள் கிளம்பிய அறையில்,
வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சிவப்புக்கு ஐந்து மணி நேரம் தள்ளி
காலை எட்டுப் பத்தில் சின்னதாய் ஒரு மேடு: 5.2.
அவளுடைய முதல் ஊசிக்காக
அதே கதவு மறுபடி திறந்திருக்கிறது.
அது பச்சை.
பச்சையைப் பற்றி யாரையும் கேட்க
எனக்கு விதி இல்லை.