மேகம் இருபத்திரண்டு விழுக்காடு

எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில்
பதினாறு நாளுக்கொருமுறை
எங்கள் தலைக்குமேல் ஒரு கண் கடந்துபோகிறது.
அது பார்த்ததற்கு
பைரிக்கி அலுவலகத்தில், மின்சாரம் இருக்கும் நாட்களில்,
நான் பெயரிடுகிறேன்:
பவளத்திட்டு. மணல். தென்னை. ஆழம்.
நான்கு பெயர்களுக்குத்தான் இடம்.

மராக்கேய் திரையில் விரியும்போதெல்லாம்
கை நின்றுவிடும்.
தேநீர்க் கோப்பையை எடுத்தபின்
மேசையில் தங்கும் ஈர வளையம்.
விரல் பட்டால் போச்சு.
வெளியே மைநீலம்,
உள்ளே காயலில் கிளிப்பச்சை,
கிளிப்பச்சை வெளிறி இளநீராகி
மணலைத் தொடுமிடத்தில் நிறமே இல்லாத ஒரு நிறம்.
விளிம்பெங்கும் நுரை, பிரிந்த தையல்போல.

சைக்கிளில் சுற்றிவர ஒரு பகல் ஆகும் ஊர்.
திரையில் என் கட்டைவிரல் நகம் அதை மூடும்.
தங்கையின் வீடு ஒரு புள்ளி.
அவளும் மூன்று பிள்ளைகளும்
கட்டாத பன்றியும் அவள் குரலும்
அந்தப் புள்ளிக்குள்.

மார்ச் பதினான்கு, காலை பத்து பத்தொன்பது.
வளையத்தைக் காணோம்.
பஞ்சை அப்பியதுபோல் ஒரே மேகம்.
இருபது விழுக்காட்டைத் தாண்டினால் நிராகரி
என்கிறது கையேடு.

மார்ச் பதினான்கு.

முந்தின இரண்டு இரவும் தங்கை தூங்கவில்லை.
பரனிக்கோவின் படகில் இயந்திரம் நின்றுபோய்
அவன் எந்தத் திசையில் என்று யாருக்கும் தெரியாது.
எங்கள் ஊரில் மலை கிடையாது.
தென்னைதான் உயரம்;
கொஞ்ச தூரம் போனால் அதுவும் முங்கிவிடும்.

பிற்பாடு தொலைபேசியில் சொன்னான்:
"விடிஞ்சப்போ எல்லா மேகமும் போய்க்கிட்டே இருந்துச்சு.
ஒண்ணு மட்டும் நகரல.
அதுக்கு வயிறு பச்சையா இருந்துச்சு."

காயல் தன் நிறத்தை
மேலே எறிந்து வைத்திருந்தது.
ஐஸ்பெட்டி மூடியால் துடுப்புப்போட்டு
அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தான்.
கரையேறும்போது மணி மூன்று.
மீன் நாறிப்போயிருந்தது.
தங்கை முதலில் திட்டியது மீனுக்காக.

அப்படியென்றால் பத்து பத்தொன்பதுக்கு
அவன் இந்தப் படத்துக்குள் இருக்கிறான்.
மேற்கு விளிம்பைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக.
புள்ளி ஒன்றுக்கு முப்பது மீட்டர்.
படகு ஐந்து மீட்டர்.
தெரியாது என்று தெரியும். மதியம்வரை தேடினேன்.

மேலிருந்து தீவை மறைத்த அதே மேகம்தான்
கீழே ஒருவனுக்கு
தீவாக இருந்தது.

நீக்கவா என்று கேட்டது கணினி.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டது. அதற்கும் ஒரு சிறு கட்டம் உண்டு,
ஒரு வரிக்கு மேல் கொள்ளாது.
எழுதினேன்:

அடிப்பக்கம் பச்சை.